விரல் நுனி மூடாத மேஜோடு

அன்று காலை கிள்ளானில், வேலாயுதத்தின் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஆறு பேர். மெயில் வண்டி டிரைவர் கிரிகரி. அவர் மனைவி பாக்கியம். அவருடைய ஒரே தங்கை உர்சுலா. முன்பு அவருடைய எஞ்சினில் கரி போட்ட பயர்மேன் லெஸ்லி. வீட்டுக்காரரும் ரயில் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனுமான வேலாயுதம். வேலாயுதத்தின் மனைவி இராஜம்மா. வேறு எவரும் இல்லை. கோலாலம்பூர் ஸ்டேஷனில் விளக்கு ஏற்றும் வேலை பார்த்த கன்னையா அங்கே இல்லை. கன்னையாவின் வாயால் கேட்டுவிட்டுத் தாங்களே கண்ணால் கண்டதுபோல் பேசியவர்களும் அங்கே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கிரிகரி குடும்பம் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வீட்டில் இருந்தது. எஞ்சினை விட்டு இறங்கும்போதும் கழுத்துப் பொத்தான் போட்டிருப்பவர் கிரிகரி. முகம் முழுக்கக் கரி படிந்திருக்கும்; பொத்தான் மட்டும் கழன்றிருக்காது. தாயும் தகப்பனும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட, சிறு பெண்ணாக இருந்த தங்கையை வளர்த்தவர் அவர்தான். கையேந்தி எவரிடமும் நின்றதில்லை. அவளைக் கான்வென்ட் தையல் அறைக்கு அனுப்பினார். அங்கேதான் உர்சுலா நான்கு ஊசிகளில் மேஜோடு பின்னக் கற்றாள்.

இன்று காலுறை என்கிறோம். அந்த வீட்டு வரிசைகளில் அதற்கு மேஜோடு என்றுதான் பெயர். அங்கிருந்த கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒரு வழக்கம் இருந்தது. நிச்சயத்தன்று, பெண் தன் கையால் பின்னிய மேஜோட்டைப் பெண்ணின் அண்ணன் எடுத்து, மாப்பிள்ளை முன்னால் மண்டியிட்டு, அவன் காலில் போட்டுவிட வேண்டும். தாலி, கோயில், விருந்து எல்லாம் அதற்குப் பிறகு. ஊரில் மிஞ்சி போட்ட பழக்கம்தான் இங்கே வந்து, காலில் மாட்டும் சப்பாத்துக்குள் நுழைந்துகொண்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நூல் வெள்ளையாக இருக்கும். கணுக்காலின் வெளிப்பக்கம் சிவப்பு நூலில் ஒரு கொடி ஏற வேண்டும். கொடி இல்லாத வெறும் வெள்ளை மேஜோடு செத்தவர்களுக்கு உரியது. சவத்தைக் குளிப்பாட்டி, கோட்டு மாட்டி, கடைசியில் காலுக்கு வெள்ளை மேஜோடு போடுவார்கள். அதைப் போடுகிறவனும் மச்சான்தான்; கல்யாணமாகாதவனுக்கு வேலையில் அவனுக்கு மூத்தவர் போடுவார். நிச்சயத்துக்கும் சாவுக்கும் அணிவது அதே கறுப்புக் கோட்டுதான்.

லெஸ்லி வந்த புதிதில், தினமும் புறப்படுவதற்கு முன் கிரிகரியின் சாப்பாட்டுப் பெட்டியை வாங்கிப்போகப் பின்வாசலுக்கு வருவான். வேலியோரம் நின்று, "அக்கா, டிரைவர் பெட்டி" என்பான். உள்ளே வரமாட்டான். பாக்கியம் ஆப்பச் சட்டியிலிருந்து ஒன்றை எடுத்து அவன் கையில் வைப்பாள். நின்றபடியே தின்பான்.

ஒருநாள் பாக்கியம், "ஓரம் கரிஞ்சி போச்சு தம்பி, பாத்து தின்னு" என்றாள்.

"நா பொழுதெல்லாம் கரியிலதான் நிக்கிறேன். எனக்கெங்கக்கா தெரியப் போவுது" என்றான் அவன்.

சன்னலுக்குப் பின்னால் நின்ற உர்சுலா சிரித்துவிட்டாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளிலிருந்து ஓரம் கரியாத ஆப்பமாக அவள் எடுத்து வைக்கத் தொடங்கினாள் என்பதைப் பாக்கியம் மட்டும் கவனித்தாள்.

பிறகு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு வெள்ளம் வந்தது. ஆறு பிரிக்பீல்ட்ஸுக்குள் ஏறி வந்து வீடுகளில் இடுப்பளவு நின்றது. கிரிகரி வடக்கே வண்டியோடு மாட்டிக்கொண்டிருந்தார். லெஸ்லிதான் தண்ணீருக்குள் நடந்து வந்து, துணிப்பெட்டியையும் கோழிக்கூண்டையும் சுவரில் இருந்த மாதா படத்தையும் தலைமேல் தூக்கிக்கொண்டு, பெண்கள் இருவரையும் மேட்டில் இருந்த ரயில் பெட்டி ஒன்றில் ஏற்றிவிட்டான். தண்ணீர் வடிந்தபின் வந்து, மிதந்துபோய்ச் சாய்ந்து கிடந்த அலமாரியை நிமிர்த்திக் கொடுத்தான். தரை முழுக்கக் கணுக்கால் புதையும் சேறு. அவன் போனபின் சேறு இறுகத் தொடங்கியது. பெண்கள் இருவரும் வழித்து வழித்துக் கழுவினார்கள். அலமாரிக்கு முன்னால் இருந்த ஒரு காலடியை மட்டும் உர்சுலா கடைசிவரை கழுவாமல் விட்டு வைத்தாள். இடது கால். ஐந்து விரலும் அச்சாகப் பதிந்திருந்தன.

மாப்பிள்ளையிடம் அளவு கேட்பது முறையல்ல. எப்படியாவது கண்டுபிடித்துக்கொள்வார்கள். கழற்றிப் போட்ட சப்பாத்தை அளப்பார்கள், அல்லது மாப்பிள்ளையின் தம்பி யாரையாவது கேட்பார்கள். உர்சுலா ஒரு நூலை எடுத்துக் குதிகாலிலிருந்து பெருவிரல் நுனிவரை வைத்தாள். அங்கே ஒரு முடிச்சு. விரல்களின் அடிமேட்டுக்குக் குறுக்கே இன்னொரு முடிச்சு. நூல் சேற்றில் ஒட்டி, எடுக்கும்போது காலடியின் ஓரம் லேசாக உதிர்ந்தது.

"நா வரட்டுமா, இல்ல நீயே கழுவிடுவியா?" என்று பாக்கியம் அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"நானே கழுவிடுறேன் அண்ணி."

லெஸ்லி தன் எண்ணத்தைப் பாக்கியத்திடம்தான் முதலில் சொன்னான். அவனுக்குப் பேசப் பெரியவர்கள் இல்லை. அப்போது உர்சுலா வலது மேஜோட்டை முடித்துவிட்டு இடதில் கணுக்கால்வரை வந்திருந்தாள். பாக்கியம் நல்ல நேரம் பார்த்து, கிரிகரி குளித்துவிட்டு வந்து கருவாட்டுக் குழம்பும் சோறும் உண்ணும்போது, விஷயத்தை எடுத்தாள். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"எஞ்சின்ல எனக்குக் கீழ நிக்கிறவன்" என்றார். "கரி போடுன்னா போடுவான், தண்ணி பாருன்னா பாப்பான். நாளைக்கு அவன் முன்னால நா மண்டி போட்டு, அவன் கால மடியில வச்சிக்கணுமா?"

"கோயில்ல மண்டி போடுறீங்கல்ல?"

"அது ஆண்டவருக்கு."

"உங்க முட்டி என்ன தங்கமா? தேஞ்சா போயிடும்?"

கிரிகரி கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். பையன் நல்லவன் என்பதை அவர் மறுக்கவில்லை. குடிக்கமாட்டான், கரியை வீணாக்கமாட்டான், எஞ்சின் மேடேறும்போது ஆவி குறையவிடமாட்டான் என்று அவரே பலரிடம் சொன்னதுண்டு. ஆனால் மறுநாள் எஞ்சினில் ஏறி அவனைப் பார்த்து எப்படி உத்தரவு போடுவது என்பதுதான் அவர் தொண்டையில் நின்றது. மெயில் வண்டி டிரைவர் பயர்மேன் காலைப் பிடித்தார் என்று செந்தூல் ரயில் பட்டறைவரை சிரிப்பார்கள். அந்தக் குடும்பத்தில் எவரையும் பார்த்து எவரும் சிரித்ததில்லை.

பாக்கியம் வேறு வழி தேடினாள். தூரத்து உறவில் அண்ணன் முறையாகும் ஒருவரை வரவழைத்து, அவரைக் கொண்டு மேஜோடு போடச் சொன்னால் என்ன என்று உர்சுலாவிடம் கேட்டாள்.

"அண்ணன் செத்துப்போன பொண்ணுங்களுக்குத்தான் வேற ஆளு போடுவாங்க" என்றாள் உர்சுலா. "எங்கண்ணன் உசுரோட இருக்காரு."

பிடிவாதத்தில் அவள் அண்ணனுக்கு எந்த விதத்திலும் குறைந்தவள் அல்ல. லெஸ்லியிடம் பாக்கியம் இதைச் சொன்னபோது, "அது சரிதான்கா. டிரைவர் கையால இல்லன்னா வேணாம்" என்றான். மறுவாரமே கிள்ளான் துறைமுகத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். அங்கே பெரிய எஞ்சின் இல்லை. சரக்குப் பெட்டிகளைக் கோத்துவிடுகிற வேலை. சாப்பாட்டுப் பெட்டி வாங்க வேறொரு பையன் பின்வாசலுக்கு வந்தான். அவனுக்குக் கரிந்த ஆப்பமும் கிடைத்தது.

மேஜோடு விஷயத்தில் இன்னொரு முறையும் உண்டு. ஜோடி முடிந்துவிட்டால் அது வீட்டில் கிடக்கக் கூடாது. உடனே கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும். முடிந்த ஜோடி கிடந்து பழுத்தால், அண்ணன் தங்கையைக் கைவிட்டுவிட்டான் என்று அர்த்தம். அதனால் உர்சுலா இடது மேஜோட்டைப் பின்னிக்கொண்டே போனாள், குதிகாலைத் திருப்பினாள், பாதத்தை முடித்தாள், விரல் நுனியைச் சுருக்கி மூடவேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்திவிட்டாள். நான்கு ஊசியும் கண்ணிகளைத் தாங்கியபடி அதிலேயே நின்றன. மூடினால் அண்ணனுக்கு அவமானம். பிரித்தால் லெஸ்லி அவளுக்கு இல்லை என்று ஆகிவிடும். இரண்டும் அவளால் முடியவில்லை.

கிரிகரி இடையில் வரன்கள் பார்க்காமல் இல்லை. சர்வே ஆபீஸ் கிளார்க் ஒருவர் வந்தார். ஈப்போவிலிருந்து வாத்தியார் ஒருவர் வந்தார். இருவரும் வெள்ளைக் காற்சட்டை போட்டவர்கள். அண்ணன் மண்டியிட்டால் பெருமை சேர்க்கக்கூடிய கால்கள். உர்சுலா காப்பி கொடுத்தாள், மரியாதையாக நின்றாள். அவர்கள் போனபின், "அளவு எடுக்க மாட்டேன்" என்று பாக்கியத்திடம் சொன்னாள். அதற்குப் பொருள் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கிரிகரி மூன்றாவது ஆளை அழைத்துவரவில்லை.

வீட்டுக்குப் பின்னால்தான் தண்டவாளம். கிள்ளான் பக்கத்துச் சரக்கு வண்டி சாயங்காலத்தில் வரும். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருக்கும். எஞ்சின் தாண்டிப் போனபின் பெட்டிகள் ஒவ்வொன்றாக வரும். கொப்பரை வாடை, கருவாட்டு வாடை, உப்புக் காற்றில் துருவேறிய இரும்பின் வாடை. உர்சுலா துணி எடுக்க என்று வெளியே வந்து கொடிக்கயிற்றருகே நிற்பாள். அவள் பெட்டிகளைப் பார்க்கமாட்டாள். ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவில், இரண்டையும் பிடித்திருக்கும் கொக்கியைப் பார்ப்பாள். காலையில் துறைமுகத்தில் அதைத் தூக்கி மாட்டிய கை அவனுடையதாக இருக்கலாம். எல்லாக் கொக்கியும் அவன் மாட்டியதாக இருக்காது. ஏதாவது ஒன்று இருக்கும். கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு வளைவில் மறையும்வரை நிற்பாள். பிறகு ஈரத் துணியை ஈரமாகவே எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். பாக்கியம் அதை வாங்கி அடுப்புக்கு மேல் காயப்போடுவாள்.

வெள்ளம் பழங்கதையான பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலாயுதம் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார். கிள்ளானில் லெஸ்லி அவர் வீட்டுப் பின்னறையில்தான் குடியிருந்தான். கலகலப்பான மனிதர், வாசலில் நுழையும்போதே ஏதாவது கேலி சொல்லித்தான் நுழைவார். அன்று தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கிரிகரி நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

நடந்ததை அவர் சுருக்கமாகச் சொன்னார். மழை நாள். பெட்டி கோக்கும்போது லெஸ்லிக்குச் சறுக்கிவிட்டது. யார்மேலும் குற்றம் இல்லை. சக்கரம் இடது பாதத்தின் முன்பக்கம் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்து, ஆறி, வீட்டுக்கு வந்துவிட்டான். இனிப் பெட்டி கோக்க முடியாது. ரயில் கேட் ஒன்றைத் திறந்து மூடும் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"எத்தன வெரலு?" என்று கேட்டார் கிரிகரி.

"மூணு போயிடுச்சி சார். பெருவெரலும் அதுக்கடுத்த ரெண்டும்."

"நடக்கிறானா?"

"நடக்கிறான். இங்க சொல்லாதீங்க அண்ணேன்னுதான் சொன்னான். எம்பொஞ்சாதி இராஜம்மாதான், போயி சொல்லிட்டு வராட்டி சோறு கெடையாதுன்னுட்டா. எனக்குச் சோறு முக்கியமில்லையா?" அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

கிரிகரி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உர்சுலா அடுப்படிக் கதவருகே நின்றாள். அவள் அழவில்லை. வேலாயுதத்துக்குப் புட்டும் வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தாள். அவர் போனபின் ஊசிப் பெட்டியை எடுத்து வந்து வெளிச்சத்தில் உட்கார்ந்தாள்.

பாக்கியம் பக்கத்தில் வந்து அந்த மூடாத மேஜோட்டைப் பார்த்தாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். "கொஞ்சம் பிரிச்சிட்டு, முன்னாலேயே மூடிடு. காலுக்குச் சரியா இருக்கும்."

"நா அளந்தப்போ அஞ்சி வெரலும் இருந்திச்சு அண்ணி" என்றாள் உர்சுலா.

முடிச்சுப் போட்ட நூலை எடுத்துப் பாதத்தில் வைத்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பின்ன வேண்டியிருந்தது. பின்னினாள். பிறகு கண்ணிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சுருக்கிக்கொண்டே வந்து, கடைசிக் கண்ணிகளில் நூலை ஓட்டி இழுத்தாள். நுனி மூடிக்கொண்டது. நான்கு ஊசியும் கழன்று மடியில் விழுந்தன.

கிரிகரி வேலையிலிருந்து வந்தால் தொப்பியை வைப்பதற்கென்று முன்னறையில் ஒரு முக்காலி இருந்தது. வேறு எதையும் அதன்மேல் எவரும் வைக்கமாட்டார்கள். மறுநாள் சாயங்காலம் அவர் வந்தபோது அதன்மேல் மேஜோடு இரண்டும் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. சிவப்புக் கொடிகள் வெளிப்பக்கமாக, ஒன்றையொன்று பார்க்காமல் ஏறியிருந்தன. அவர் தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஜோடி முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சி அண்ணே."

"யாரக் கேட்டு முடிச்ச?"

"யாரயும் கேக்கல."

அவர் தங்கையை ஏறிட்டுப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை. இனி அது அந்த முக்காலியில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அவர் பெயரில்தான் கிடக்கும் என்று இருவருக்கும் தெரியும். பட்டறையில் சிரிப்பார்கள் என்று அவர் இத்தனை நாள் பார்த்தார். தங்கையைக் கைவிட்டவன் என்று தாம் தம்மையே சொல்லிக்கொள்ள வேண்டிவரும் என்பதை அவர் பார்த்திருக்கவில்லை. தொப்பியை மனைவியிடம் கொடுத்தார். இடது மேஜோட்டை எடுத்து, நுனியைக் கட்டைவிரலால் தடவினார். அது முழு நீளத்துக்கு இருந்ததை அவர் கவனித்தார்.

சாப்பிட்டு முடித்தபின், "பாக்கியம், என் கறுப்புக் கோட்ட நாளைக்கி வெயில்ல போடு" என்றார். "சனிக்கெழம எனக்கு லீவு. கிள்ளான் வண்டி. வேலாயுதத்துக்குச் சொல்லி அனுப்பிடறேன்."

பாக்கியம் உள்ளே போய்விட்டாள். அவள் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

சனிக்கிழமை பெண்கள் இருவரும் பழத்தட்டோடு முன்னாலேயே பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நிச்சய மேஜோட்டைப் பையில் போடுவதில்லை. அண்ணன் கையில்தான் எடுத்துப் போகவேண்டும். எஞ்சின் கரி பறந்து சிவப்பு நூல் மங்கிவிடக் கூடாதென்று கிரிகரி கொடியை உள்பக்கமாக மடித்துச் சுருட்டியிருந்தார். வெளியே வெள்ளை மட்டும் தெரிந்தது. பிளாட்பாரத்தில் விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்த கன்னையா அவரைப் பார்த்தார். கறுப்புக் கோட்டு. கையில் வெள்ளை மேஜோடு. முகம் வழக்கம்போல இறுகியிருந்தது. லெஸ்லிக்கு அடிபட்டது கன்னையாவுக்குத் தெரியும்.

"சார், எங்க?" என்று எழுந்து நின்று கேட்டார்.

"லெஸ்லிகிட்ட" என்றார் கிரிகரி.

அவர் பொய் சொல்லவில்லை. கன்னையாவும் தவறாகக் கேட்கவில்லை. அந்த வீட்டு வரிசைகளில் வாழ்ந்தவர் எவராக இருந்தாலும் அந்தக் கோட்டையும் அந்த வெள்ளையையும் பார்த்து, லெஸ்லி செத்துவிட்டான் என்றுதான் நினைத்திருப்பார். கன்னையா துடைத்த விளக்கைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் இருந்த துணியை எடுத்தார். வண்டி நகர்ந்தது.

வேலாயுதத்தின் வீட்டில் லெஸ்லி விசுப்பலகையில் உட்கார்ந்திருந்தான். மெலிந்திருந்தான். இடது காலை வலது காலுக்குப் பின்னால் இழுத்து வைத்திருந்தான். இராஜம்மா அறையைக் கழுவித் தரையில் கோலம் போட்டிருந்தாள். கத்தோலிக்க வீட்டு நிச்சயத்துக்குக் கோலம் உண்டா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று போட்டதாகச் சொன்னாள். உர்சுலா வாசல்படி ஏறும்போதே அவன் கண்களைத் தாழ்த்திக்கொண்டான். அத்தனை காலம் கழித்து அவள் அவனைப் பார்க்கிறாள். பார்க்க அவளுக்கு அவன் தலைமயிர் மட்டும்தான் கிடைத்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிரிகரி கோட்டுப் பொத்தான்களைச் சரிபார்த்தார். பிறகு அவன் முன்னால் முதலில் வலது முட்டியையும் பிறகு இடது முட்டியையும் ஊன்றி மண்டியிட்டார். கோலமாவு அவர் காற்சட்டையில் ஒட்டியது.

"டிரைவர், வேணாம்" என்றான் லெஸ்லி. "எந்திரிங்க. இந்தக் காலு இப்ப பாக்கிற மாதிரி இல்ல."

"கால நீட்டு" என்றார் கிரிகரி.

எஞ்சினில் கரி போடச் சொல்லும் அதே குரல். லெஸ்லி வலது காலை நீட்டினான். அவர் அதை மடியில் வாங்கி, மேஜோட்டை விரல்வரை சுருக்கிப் பிடித்து, குதிகால் குதிகாலில் உட்காரும்படி இழுத்துவிட்டார். கொடி நேராக இருக்கிறதா என்று பார்த்தார்.

"அடுத்தது."

அவன் அசையவில்லை. வேலாயுதம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இராஜம்மா அவர் முழங்கையில் இடித்தாள்.

"லெஸ்லி" என்றார் கிரிகரி. "மேடேறும்போது ஆவி கொறஞ்சி நீ என்னைய நிக்க விட்டதில்ல. இப்ப என்னைய இங்க மண்டியில நிக்க வச்சிக்கிட்டு யோசிக்காத. கால நீட்டு."

அவன் நீட்டினான். தழும்பு இன்னும் சிவந்திருந்தது. கிரிகரி அதைக் கண்ணைத் திருப்பாமல் பார்த்தார். மெதுவாக, மிக மெதுவாக மேஜோட்டை ஏற்றினார். பாதம் முடிந்த பிறகும் நூல் முடியவில்லை. பெருவிரல் இருக்கவேண்டிய பக்கத்தில் நுனி வெறுமையாகத் தொங்கியது. அறையில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். லெஸ்லியும் பார்த்தான். அப்போதுதான் நிமிர்ந்து உர்சுலாவைப் பார்த்தான்.

"வெள்ளத்தில வந்த கால் அளவு" என்றாள் அவள். "அலமாரி முன்னால பதிஞ்சிருந்திச்சி. அதுல எடுத்தேன்."

அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். கிரிகரி அந்த வெற்று நுனியைப் பாதத்துக்கு அடியில் மடிக்கப்போனார். நடக்கும்போது உறுத்தும் என்று நினைத்து, மேல்பக்கமாக மடித்து, ஒரு குழந்தையின் போர்வையைச் செருகுவதுபோல் உள்ளே செருகிவிட்டார்.

"மடிப்பு மேலதான் இருக்கணும்" என்று தங்கையிடம் சொன்னார். "தெனமும் பாத்துக்க."

எழுந்திருக்க அவருக்கு ஒரு கை வேண்டியிருந்தது. லெஸ்லிதான் கொடுத்தான்.

மாலை வண்டியில் பெண்களை ஏற்றிவிட்டுக் கிரிகரி கிள்ளான் ஸ்டேஷனில் நின்றபோது, கன்னையா சொன்னதைக் கேட்ட பிரிக்பீல்ட்ஸ் ஆட்கள் சிலர் மலர்வளையத்தோடு எதிர் வண்டியில் வந்து இறங்கினார்கள். அவர் கண் சிவந்திருந்தது. கையில் மேஜோடு இல்லை. அடக்கம் முடிந்துவிட்டது என்று நினைத்து அவர்கள் மரியாதையாக வளையத்தை நீட்டினார்கள். தம் வீட்டுக் காரியத்தைப் பிளாட்பாரத்தில் நின்று விளக்குவது அவருக்கு வழக்கமில்லை. தொப்பியைத் தொட்டு வணங்கி, வளையத்தை வாங்கிக்கொண்டு வண்டி ஏறிவிட்டார். பாக்கியம் பிறகு அதைக் கோயிலில் மாதா காலடியில் வைத்தாள்.

அடுத்த மாதம் கல்யாணம் நடந்தது. உர்சுலா கிள்ளானில் ரயில் கேட்டை ஒட்டிய வீட்டுக்குப் போனாள். சரக்கு வண்டி அங்கேயும் வரும். அவள் துணி எடுக்க வெளியே வரும்போது கேட்டருகே பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் லெஸ்லியாக இருந்தான். அவன் கிரிகரியைக் கடைசிவரை டிரைவர் என்றே கூப்பிட்டான்.

லெஸ்லி உயிரோடு கோயிலுக்கு வந்துவிட்டபின் கன்னையாவின் செய்தியை அப்படியே சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை. ஆகவே பிரிக்பீல்ட்ஸில் அதைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டார்கள். அவன் செத்துவிட்டான் என்று நினைத்துத்தான் கிரிகரி மண்டியிட்டார், சவம் என்று நினைத்துத்தான் மேஜோடு போட்டார், உயிருள்ள பயர்மேன் காலை அவர் ஒருநாளும் தொட்டிருக்கமாட்டார் என்று இன்றும் சொல்கிறார்கள்.

அது பொய். கிரிகரி காலை நீட்டச் சொன்னார். லெஸ்லி நீட்டினான்.